நம் வீட்டுக் கதையை யார் எடிட் செய்வது?

(ஓசூரில், தொழிலாளர் குடும்பத்து இளைஞர்களுக்கான காணொளிப் பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்று பேசப்போவது சினிமா எடுப்பது பற்றி அல்ல. வீட்டு வீடியோ பற்றி. பாட்டி பேசுவது, அம்மா விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவது, லைன் வீட்டில் நடக்கும் பிறந்தநாள். இவற்றைக் கைப்பேசியில் எடுத்து, வெட்டி ஒட்டி, பத்து நிமிடப் படமாக வைத்துக்கொள்வது பற்றி. இதற்கும் சாதி ஒழிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

ஓசூர் பக்கத்திலிருக்கும் சூடுகொண்டபள்ளியை மறந்திருக்க மாட்டீர்கள். சாதி மறுத்துத் திருமணம் செய்த அந்த ஊர் இணையர் 2018 நவம்பரில் கடத்திக் கொல்லப்பட்டார்கள். கர்நாடகத்தில் சிவனசமுத்திரம் அருகே காவிரியில் உடல்கள் கிடைத்தன. அந்த இளைஞரை அடையாளம் காண உதவியது அவர் அணிந்திருந்த டி-சர்ட். அதில் அண்ணல் அம்பேத்கர் படமும், 'ஜெய்பீம்' என்ற சொல்லும், ஊரின் பெயரும் இருந்தன. அதற்கு முன்பு, 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் நடந்த படுகொலையை சிசிடிவி பதிவாக நாடே பார்த்தது.

நம்மை நாடு பார்க்கும் விதம் பெரும்பாலும் இதுதான். வெட்டப்படும்போது கேமரா இருக்கிறது. பெண் பார்க்கப் போனபோது, முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுத்தபோது, தேர்வில் பாஸ் ஆனபோது கேமரா இல்லை. நம் மக்களைப் பற்றிப் பொது நினைவில் சாவு மட்டும்தான் மிஞ்சும் என்றால், கொன்றவர்கள் நினைத்ததில் பாதி நடந்துவிட்டது என்று அர்த்தம்.

'கல்யாண வீடியோ எங்கள் வீட்டிலும் இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது. மறுபடி போட்டுப் பாருங்கள். மேடை இருக்கும், மொய்க் கவர் இருக்கும், கட்சிக்காரர் வந்து கைகூப்புவது இரண்டு நிமிடம் இருக்கும். இரவு முழுக்கச் சமைத்த அத்தை இருக்க மாட்டார். பறை அடித்தவர்களின் சத்தத்தை எடுத்துவிட்டு மேலே சினிமாப் பாட்டு போட்டிருப்பார்கள். வீடியோகாரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. யார் முக்கியம் என்று அவருக்குச் சமூகம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அவர் அதன்படி வெட்டுகிறார்.

வேறு மாதிரி எடுத்துக் காட்டியவர்கள் தென்னிந்தியாவிலேயே இருக்கிறார்கள். தெலங்கானாவில் ஜஹீராபாத் அருகே பஸ்தாபூரில், டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் சங்கங்களைச் சேர்ந்த தலித் பெண்கள் வீடியோ கற்றுக்கொண்டார்கள். நிறையப் பேர் பள்ளிக்கூடமே போகாதவர்கள், சிறு விவசாயிகள். வாரங்கலில் பி.டி. பருத்தி விவசாயிகளை என்ன செய்தது என்று மூன்றாண்டுகள் தொடர்ந்து பதிவுசெய்து படமாக்கியவர்கள் அவர்கள்தான்.

கேமரா கோணங்களுக்கு அவர்கள் வைத்த பெயர்களைக் கேளுங்கள். மேலிருந்து கீழே பார்த்து எடுத்தால் 'பட்டேல் ஷாட்'. ஏனென்றால் நிலவுடைமைக்காரன் அப்படித்தான் பார்ப்பான். கீழேயிருந்து அண்ணாந்து எடுத்தால் அடிமை பார்க்கும் ஷாட். கண்ணுக்கு நேராக வைத்து எடுத்தால் 'சங்கம் ஷாட்'. சங்கத்தில் எல்லோரும் தரையில் வட்டமாகச் சமமாக உட்காருகிறார்கள் அல்லவா, அந்தப் பார்வை. திரைப்படக் கல்லூரிப் பாடம் இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது. பாட்டி கீழே உட்கார்ந்திருந்தால் நீங்களும் கீழே உட்கார்ந்து எடுங்கள்.

அடுத்தது எடிட்டிங். விண்டோஸ் மூவி மேக்கர் என்று ஒரு மென்பொருள் இருந்தது. 2000-இல் வந்தது, 2017-இல் நிறுத்தினார்கள். நிறையப் பேர் முதன்முதலில் வீடியோ வெட்டக் கற்றது அதில்தான். இப்போது ஓப்பன்ஷாட், ஷாட்கட் போன்ற இலவசக் கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. படத்தின் மீது கம்பெனி முத்திரை விழாது. கைப்பேசியிலேயே கைன்மாஸ்டர், இன்ஷாட் செயலிகள் போதும். தெரிய வேண்டிய வேலை மூன்றுதான்: வேண்டாததை வெட்டுவது, வரிசையாக வைப்பது, எழுத்துப் போடுவது.

இதே செயலிகளில்தான் சாதிப் பெருமை ஸ்டேட்டஸ்களும் தயாராகின்றன. முப்பது நொடி, ஒரு சிங்கம், ஒரு வாள், சாதிக்கொடி நிறம், அதிரும் பின்னணி இசை. நம் பிள்ளைகள் சிலரும் அதே டெம்ப்ளேட்டில் தலைவர் படத்தை மட்டும் மாற்றிப் போடுகிறார்கள். கோபம் புரிகிறது. ஆனால் 'ஆண்ட பரம்பரை' என்ற பொய்க்குப் பதில் இன்னொரு சிங்கம் அல்ல. எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றி நடக்க வைத்தார்கள், எந்தக் கடையில் தனி டம்ளர் இருந்தது, அதை யார் முதலில் எதிர்த்தார்கள் என்று உங்கள் பாட்டி ஊர்ப்பெயரோடு சொல்லும் ஐந்து நிமிடம்தான் பதில்.

அந்த ஐந்து நிமிடத்தின் மேல் பாட்டு போடாதீர்கள். அவர் குரல் கேட்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், டிவியை அணையுங்கள், கைப்பேசியைப் படுக்கை வாக்கில் பிடியுங்கள். இது எல்லைப் பகுதி. பாட்டி தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசினால் அப்படியே பேசட்டும், கீழே தமிழில் எழுத்துப் போடுங்கள். கடைசியில் பெயர், ஊர், தேதி போடுங்கள். ஐம்பது வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு அதுதான் முக்கியம். கேமராவைத் தம்பிகளே பிடித்துக்கொண்டிருக்காமல் தங்கைகளிடமும் கொடுங்கள். பாட்டி அவர்களிடம் சொல்வது வேறாக இருக்கும்.

எடுத்ததைப் பத்திரப்படுத்துங்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை ஒன்றிய அரசு தடை செய்தது. செயலியில் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு எல்லாம் ஒரே நாளில் கைவிட்டுப் போனது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறையும். ஒரிஜினலைப் பென்டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ போட்டு, இன்னொரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள். ஏன் வேறு ஊர்? 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகள் ஒரே மாலையில் எரிக்கப்பட்டன. வீடு எரிந்தால் ஆல்பமும் எரியும்.

எல்லாவற்றையும் இணையத்தில் போட வேண்டியதில்லை. சாதி மறுத்து மணந்த இணையர் படத்தில் இருந்தால் வீட்டு வாசல், பைக் நம்பர், கடைப் பலகை எதுவும் தெரியக்கூடாது. கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். அவர்கள் சம்மதிக்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். அவர்கள் உயிர் உங்கள் லைக்கைவிடப் பெரியது.

மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தின் நாயகி பி.கே.ரோசி, தலித் பெண். நாயர் பெண்ணாக நடித்ததற்காக ஆதிக்க சாதியினர் தாக்கி அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அவர் திரையில் எப்படிச் சிரித்தார் என்று இனி யாராலும் பார்க்க முடியாது.

நம் வீட்டிலும் அப்படி ஆகிவிடக் கூடாது. இந்த வாரம் லீவு கிடைக்கும் நாளில் வீட்டின் மூத்த பெண்மணி முன்னால் உட்காருங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், ஏன் வந்தீர்கள், முதல் கூலி எவ்வளவு? எடுத்ததை அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து வெட்டுவோம்.