கிணற்று நீருக்கு ஒரு பட்டை

2013 ஜூலை 16. பீகாரில் சப்ரா அருகே ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

இந்த வகை மருந்தைக் கண்டறிய ஒரு மலிவான வழி உண்டு. சர்க்கரை பார்க்கும் பட்டை மாதிரிதான் அதுவும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில், பிளாஸ்டிக் துண்டின் மேல் கார்பன் மையை அச்சிடுகிறார்கள். அதன்மேல் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்ற நொதியைப் படியவைக்கிறார்கள். நம் நரம்புகளிலும் இருக்கிற நொதி அது. அதை முடக்கித்தான் இந்த மருந்து பூச்சியைக் கொல்கிறது, மனிதரையும் கொல்கிறது. பட்டையில் சோதிக்க வேண்டிய நீர் பட்டதும் நொதி முடங்கினால், அதில் ஓடும் சிறு மின்சாரம் குறையும். சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

ராணிப்பேட்டை மாவட்டத்தில் திமிரி பக்கம் வயலும் கிணறும் அருகருகேதான்; வயலில் தெளிக்கும் மருந்து கிணற்று நீரில் கலந்ததா என்று இந்தப் பட்டையால் பார்க்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன உலோகங்களும் இந்த நொதியை முடக்கும். ராணிப்பேட்டையில் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்த கதை நமக்குத் தெரியும். ஆகவே பட்டை எச்சரித்தால், எந்த நஞ்சு என்பதை ஆய்வகம்தான் உறுதிசெய்ய வேண்டும்.

இன்னொரு தடை, வெயில். நொதி சூட்டில் கெட்டுவிடும். வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். கைட்டோசான், ஜெலட்டின் போன்ற பொருள்களுக்குள் நொதியைப் பொதிந்து காக்க ஆராய்ச்சியாளர்கள் முயன்றுவருகிறார்கள்.