இரட்டைக் குழலும் ஒற்றைக் குறியும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு வேட்டைத் துப்பாக்கி. பௌதிகம் கற்பித்துக் காலங்கழித்த ஆசிரியனுக்கு வேட்டையில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் வியக்கலாம். நான் வேட்டையாடியவன் அல்லன். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதைத் தடுத்திருக்கிறது. அதுவே தக்கது என்பது என் கருத்து. ஆயினும், தேசிய மாணவர் படையின் பொறுப்பேற்று, புள்ளி 22 ரைபிளுடன் மாணவர்களை இலக்கின்முன் பல ஆண்டுகள் பயிற்றுவித்திருக்கிறேன். வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிய வெப்பமும் விசையும் அளவையும் அத்திடலில் உயிர்பெற்று வந்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். இம்மூன்றும் ஒருங்கே கூடும் கருவி ஒன்று ஐரோப்பாவில் உண்டு. அதுவே கூட்டுக் குழல் துப்பாக்கி.

ஆஸ்திரியா, ஜெர்மனி நாடுகளின் மலைக்காடுகளில் செல்லும் வேட்டைக்காரன் எதிரில் எது வரும் என்று முன்கூட்டி அறியான். நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு மான் நிற்கலாம். முப்பது அடித் தொலைவில் ஒரு முயல் ஓடலாம். மானுக்கு ஒரே குண்டு வேண்டும். அக்குண்டு சுழன்று நேரே செல்லும்பொருட்டு, குழலின் உட்சுவரில் திருகுசுருளாகப் பள்ளங்கள் வெட்டியிருக்க வேண்டும். ஓடும் முயலுக்கோ, வழவழப்பான குழலிலிருந்து பரவிச் செல்லும் சிறு ரவைகள் வேண்டும். இரண்டு துப்பாக்கிகளைத் தோளில் சுமந்து மலையேறுவது அரிது. ஆகவே இருவகைக் குழல்களையும் ஒரே கட்டையில் பொருத்தினார்கள். மூன்று குழல் உடையதற்கு டிரில்லிங் என்று பெயர். ஆஸ்திரியாவின் காரிந்தியா மாநிலத்தில் ஃபெர்லாக் என்னும் சிற்றூர் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. துப்பாக்கித் தொழிலைக் கற்பிக்கும் பள்ளியும் அங்கு உண்டு.

இக்கருவி விண்வெளிக்கும் சென்றிருக்கிறது. 1965 மார்ச்சில் லியோனோவ், பெல்யாயேவ் என்னும் சோவியத் விண்வெளி வீரர் இருவர், குறித்த இடம் தவறி, யூரல் மலைப்பகுதியின் பனிக்காட்டில் இறங்கினர். அத்தகைய இடரை எண்ணியே, இரண்டு வழவழப்புக் குழலும் ஒரு சுருள்பள்ளக் குழலும் கொண்ட சிறு துப்பாக்கி ஒன்று பிற்காலத்தில் சோவியத் விண்வெளி வீரர்களுக்கென்று செய்யப்பட்டது.

மலையேறுவோனும் விண்வெளி வீரனும் விரும்புவது எடைக்குறைவு. ஆனால் எடை குறையுந்தோறும் குறி தவறும் வழிகள் பெருகுகின்றன. அவை மூன்று.

முதலாவது, பின்னுதைப்பு. 10 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 750 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொள்வோம். வெடிமருந்து வாயுவின் பங்கை ஒதுக்கிக் கணக்கிட்டால், 3.75 கிலோ எடையுள்ள துப்பாக்கி வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும், 2.5 கிலோ எடையுள்ளது 3 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். இந்த இயக்கம் குண்டு குழலை விட்டு நீங்கும் முன்னரே தொடங்கிவிடுகிறது. 60 சென்டிமீட்டர் குழலைக் குண்டு கடப்பதற்குள், 2.5 கிலோ துப்பாக்கி 2 மில்லிமீட்டருக்கு மேல் பின்னே நகர்ந்துவிடும். ஆகவே அதைத் தாங்கும் முறை ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். குழலை மரக்கிளையிலோ கல்லிலோ சாய்த்தால் அது துள்ளிக் குறி மாறும். மென்மையான மணற்பை மீது முன்கட்டையை மட்டும் வைத்து, இடையில் உள்ளங்கையைக் கொடுத்து, பின்கட்டையைத் தோளில் ஒரே அழுத்தத்துடன் பதிப்பதே தக்க முறை.

இரண்டாவது, விசையை இழுக்கும் விரல். விசையை இழுக்க 2 கிலோ அளவுள்ள இழுப்பு வேண்டியிருப்பின், அது துப்பாக்கியின் எடைக்கே ஏறக்குறைய ஒப்பாகும். கனத்த துப்பாக்கி அதைப் பொறுத்துக்கொள்ளும், இலேசானது அசைந்துவிடும். இதனால்தான் ஜெர்மானியத் தொழிலாளர்கள், முன்கூட்டித் தயார்செய்துகொண்டால் மெல்லத் தொட்ட அளவில் விடுபடும் விசையைப் பல துப்பாக்கிகளில் அமைத்தனர்.

மூன்றாவது, வெப்பம். இதுவே தலையாயது. பழைய முறைப்படி இரு குழல்களும் நெடுகப் பற்றவைத்து இணைக்கப்பட்டிருக்கும். சுருள்பள்ளக் குழல் கீழே இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு குண்டு சுட்டவுடன் அக்குழல் சூடேறுகிறது. மேற்குழல் குளிர்ந்தே இருக்கிறது. எஃகு, ஒரு பாகை வெப்பத்திற்குத் தன் நீளத்தில் பத்துலட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு நீள்கிறது. இரு குழல்களுக்கும் 5 பாகை வேறுபாடு எனில், 60 சென்டிமீட்டர் நீளத்தில் கீழ்க்குழல் 0.036 மில்லிமீட்டர் மிகுதியாக நீள முயலும். இது ஒரு தலைமயிரின் கனத்தினும் சிறியதன்றோ? ஆனால் குழல்களின் நடுக்கோடுகள் 24 மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பின், குழல்முனை மேல்நோக்கித் திரும்பும் சாய்வு 0.0015. நூறு மீட்டரில் அது 15 சென்டிமீட்டர். குழல்களின் விறைப்பு இதில் பாதியைத் தடுத்துவிட்டாலும், ஏழு சென்டிமீட்டருக்குக் குறையாமல் குண்டு மேலேறிவிடும்.

இனி, இதை அறியாதவன் துப்பாக்கியைச் சோதிக்கும் விதத்தைப் பாருங்கள். அவன் அடுத்தடுத்து மூன்று முறை சுடுகிறான். முதற்குண்டு நடுவில் பட்டது. இரண்டாவது 4 சென்டிமீட்டர் மேலே. மூன்றாவது 8 சென்டிமீட்டர் மேலே. சராசரி 4 சென்டிமீட்டர் உயரம். உடனே குறிநோக்கியைத் திருகி 4 சென்டிமீட்டர் இறக்குகிறான். கணக்குச் சரிதான். ஆனால் மறுநாள் காலையில், குளிர்ந்த குழலிலிருந்து புறப்படும் முதற்குண்டு நடுவுக்கு 4 சென்டிமீட்டர் கீழே படும். சரியாக இருந்த ஒன்றைச் சராசரி கெடுத்துவிட்டது! மூன்று குண்டுகளும் மூன்று வெவ்வேறு நிலைகளில் சுடப்பட்டவை. நிலை வேறுபட்ட அளவுகளைக் கூட்டி வகுத்தால், எந்த நிலைக்கும் பொருந்தாத விடையே கிடைக்கும்.

அறிந்தவன் செய்வது வேறு. மான்மீது சுடுவதற்கு அந்தத் துப்பாக்கியில் இருப்பது ஒரே குண்டு. அதுவும் குளிர்ந்த குழலிலிருந்து செல்வது. ஆதலின் சோதனையும் அப்படியே அமைதல் வேண்டும். குழலிலுள்ள எண்ணெயைத் துடைத்து உலர்த்துகிறான். எண்ணெய் படிந்த குழலின் முதற்குண்டு வேறிடத்தில் படக்கூடும். குறிநோக்கியின் திருகாணிகள் இறுகியுள்ளனவா என்று பார்க்கிறான். ஒரே வகைத் தோட்டாவையே கையாளுகிறான். ஒரு குண்டு சுட்டபின் துப்பாக்கியைத் திறந்து நிழலில் வைத்து, இரு குழல்களும் காற்றின் குளிர்ச்சியை அடையுமளவும் காத்திருக்கிறான். இன்னும் பொறுமையுடையவன் நாளுக்கு ஒரு குண்டாக, ஒரே தாளின்மீது ஐந்து நாள் சுடுகிறான். அத்தாளிலுள்ள ஐந்து துளைகளே அத்துப்பாக்கியின் உண்மையான குணம். அவை நெருங்கியிருந்து நடுவிலிருந்து விலகியிருந்தால், குறிநோக்கியைத் திருத்தினால் போதும். சிதறிக் கிடந்தால், திருகுவதால் பயனில்லை. தாங்கும் முறையையோ தோட்டாவையோ மாற்றிப் பார்க்க வேண்டும்.

தொழில்நுட்பமும் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. இக்காலத்துத் துப்பாக்கிகள் சிலவற்றில் குழல்கள் அடிப்புறத்தில் மட்டுமே உறுதியாக இணைக்கப்படுகின்றன. முனையில் ஒரு வளையம், சூடான குழல் நீள்வதற்கு இடங்கொடுத்து அதைத் தாங்குகிறது. தண்டவாளங்களுக்கிடையே இடைவெளி விடுவதும் இதே நியதி பற்றித்தான்.

ஏழு சென்டிமீட்டர் பெரிதா என்று கேட்பீர்கள். தாளில் அது சிறு பிழை. ஐரோப்பாவின் சிறுமானுக்கு, உடனே உயிர் பிரியும் இடம் விரித்த கையளவே. அதனின்றும் தவறிய குண்டு அவ்விலங்கைக் கொல்லாது, புண்படுத்தும். அது புதருக்குள் ஓடி மறைந்து, நெடுநேரம் வருந்தும். ஜெர்மனியில் வேட்டை உரிமம் வேண்டுவோர் சுடும் தேர்விலும் தேறவேண்டும் என்று விதித்திருப்பதன் பொருள் இப்போது விளங்கும். தன் கருவி எவ்வளவு தொலைவு வரை நம்பத்தக்கது என்று அறிந்தவன், அதற்கு அப்பால் நிற்கும் மானைக் கண்டால் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொள்வான்.

மாணவர்களே, நீங்கள் துப்பாக்கியைத் தொடாமலே வாழ்நாளைக் கழிக்கலாம். ஆனால் தராசையும் வெப்பமானியையும் மின்னளவியையும் தொடுவீர்கள். நாளை பாலத்தின் பாரத்தையோ மருந்தின் அளவையோ கணிப்பீர்கள். அப்பொழுது, பல அளவுகளை எடுத்துச் சராசரி காணும் முன், அவையெல்லாம் ஒரே நிலையில் எடுக்கப்பட்டவையா என்று வினவுங்கள். எந்த நிலையில் அக்கருவி பயன்படப்போகிறதோ, அந்த நிலையிலேயே அதைச் சோதியுங்கள். அதற்குக் குழல் குளிரும் வரை காத்திருக்க நேர்ந்தால், காத்திருங்கள்.