ஓடும் வண்டியில் ஒரு காற்றாடி



பனையோலையை நறுக்கிக் குறுக்கே மடித்து, நடுவில் முள்ளொன்றைக் குத்திச் செய்த காற்றாடியைப் பேருந்தின் யன்னலுக்கு வெளியே நீட்டிப் பாராத சிறுவர் வடபகுதியில் அரியர். முற்றத்தில் நின்றபோது அசைய மறுத்த அதே காற்றாடி, வண்டி புறப்பட்டதும் மெல்லத் திரும்பத் தொடங்கி, வேகம் ஏற ஏற இதழ் வேறு இடைவெளி வேறு என்று தெரியாத ஒரு வட்டமாகிவிடுகின்றது. அதைக் கண்ட சிறுவனின் உள்ளத்தில், இந்தச் சுழற்சியைக் கொண்டே வண்டியை ஓட்டினால் என்ன என்னும் கேள்வி பிறப்பது இயல்பு. சிறுவருக்கு மட்டுமா? கற்றறிந்த பெரியோருக்கும், கையிற் காசுள்ள வணிகருக்கும் இதே கேள்வி பிறந்ததுண்டு, பிறந்துகொண்டும் இருக்கின்றது.

மின்சாரத்தால் ஓடும் கார்கள் வீதிக்கு வந்த பின்னர் இக்கேள்வி மேலும் வலுப்பெற்றது. அவ்வகைக் கார் பெற்றோலை வேண்டுவதில்லை. ஆனால் அதன் மின்கலவடுக்கு சில நூறு கிலோமீற்றர் ஓட்டத்தில் ஒடுங்கிவிடும். மீண்டும் மின்னேற்றக் காலம் பிடிக்கும். ஆகவே காரின் கூரையிலோ முகப்பிலோ ஒரு சிறு காற்றாலையைப் பொருத்திவிட்டால், ஓடும்போதே அது சுழன்று மின்சாரத்தைப் பிறப்பிக்கும். மின்கலவடுக்கு ஒருபோதும் வற்றாது. கார் நில்லாமல் ஓடும் என்பது திட்டம். 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், இந்நாட்டு மக்கள் எரிபொருள் நிலையங்களின் முன் இரவு பகலாக வரிசையில் நின்றதையும், எரிபொருள் இன்மையாற் பாடசாலைகள் மூடப்பட்டதையும் எண்ணிப் பார்ப்போருக்கு, இத்தகைய வண்டி எத்துணைப் பெரும் பேறாகத் தோன்றும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இத்திட்டத்தைக் கேட்டவுடன் நகைப்போர் உளர். நகைப்பது எளிது, ஆனால் அது விடையாகாது. காற்றாடி சுழல்வது உண்மை. அதில் மின்பிறப்பாக்கியை இணைத்தால் மின்சாரம் வருவதும் உண்மை. ஆராய வேண்டுவது, அந்த மின்சாரத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்பது ஒன்றே.

இதற்கான விடையை நூலிற் படிக்காமலே, கால்களால் அறிந்துகொண்ட மக்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றனர். 1990களின் முற்பகுதியில் அங்கு மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை. வானொலிப் பெட்டிக்கு வேண்டிய பற்றரியும் கிடைத்தற்கரிதாயிற்று. அப்பொழுது மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அதன் மிதியைக் கையாற் சுற்றி, சில்லில் உரசிச் சுழலும் டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தைக் கொண்டு செய்தி கேட்டனர். ஒருவர் சுற்ற, வீடே கூடியிருந்து செவிசாய்க்கும். சுற்றுபவரின் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். இரவில் சைக்கிளில் விளக்கெரித்துச் சென்றோரும் ஒன்றை அறிவர்: டைனமோவைத் தட்டி ரயரோடு சேர்த்த அந்தக் கணத்திலேயே மிதி கனத்துவிடும். அச்சிறு விளக்குக்கு வேண்டியது மூன்று வாற்று வலு மட்டுமே. அந்த மூன்றையும் கால் கொடுத்தது. உராய்விற் கெட்டுப்போனதையும் சேர்த்துக் கால் கொடுத்தது. எதிரே காற்று வீசினால் மிதி மேலும் கனக்கும். சைக்கிளோட்டிக்கு அதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. காரை ஓட்டுபவருக்கோ கால் வலிப்பதில்லை. மிதியின் கனத்தைச் சத்தமின்றித் தாங்குவது மின்கலவடுக்கு. அதனாலேயே காரில் அமர்ந்திருப்பவர் அந்தக் காற்று இலவசமாக வருகின்றது என்று எளிதில் மயங்குகின்றார்.

காற்று அசையாத ஒரு நாளை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவருக. வீதியோரத்து வேம்பில் ஓரிலையும் ஆடவில்லை. அவ்வீதியில் மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு மின்கார் செல்கின்றது. யன்னலுக்கு வெளியே கையை நீட்டுபவர் புயலை உணர்கின்றார். வேம்பின் கீழே நிற்பவரோ எந்தக் காற்றையும் உணரவில்லை. அப்படியாயின் அந்தப் புயலை உண்டாக்கியது எது? அசையாது நின்ற காற்றைப் பிளந்துகொண்டு கார் சென்றதே புயலாயிற்று. அதனைப் பிளப்பதற்கு வேண்டிய வலுவை மின்கலவடுக்கே வழங்கிற்று.

எவ்வளவு வலு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன்தரும். மணிக்கு 90 கிலோமீற்றர் என்பது வினாடிக்கு 25 மீற்றர். காற்று வழுக்கிச் செல்லும் வண்ணம் நன்கு வடிவமைத்த ஒரு கார், இவ்வேகத்திற் காற்றின் தடையை வெல்ல ஏறத்தாழ 5 கிலோவாற்று வலுவைச் செலவிடும். இப்பொழுது அதன் கூரைமேல், ஒரு சதுர மீற்றர் பரப்பைச் சுழன்று மூடும் காற்றாலை ஒன்றைப் பொருத்துவோர், அதற்கு எதிரே வரும் காற்றில் 9,375 வாற்று வலு இருப்பதைக் கண்டு மகிழ்வர். ஐந்தைக் கொடுத்து ஒன்பதைப் பெறலாம் போலல்லவா தோன்றுகின்றது! இக்கணக்கிலே தான் பலர் வழுக்கி விழுகின்றனர்.

காற்றிலுள்ள வலு முழுவதையும் எந்தக் காற்றாலையும் கவர்ந்துகொள்ள இயலாது. முழுவதையும் கவர்ந்தால் காற்று அங்கேயே நின்றுவிடும். பின்னே வரும் காற்றுக்கு வழியிராது. மிகச் சிறந்த சுழலியும் நூற்றுக்கு 59 பங்குக்கு மேற் பெற முடியாது என்பதை அல்பேர்ட் பெற்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கணித வழியாக நிறுவினார். ஆக, குறையேதுமற்ற சுழலியிலிருந்து கிடைக்கக்கூடியது ஏறத்தாழ 5,550 வாற்று. அதுவும் பெரிய தொகைதானே எனலாம். ஆனால் அந்தச் சுழலி காற்றைத் தடுக்கின்றது. தடுக்கப்பட்ட காற்று சுழலியைப் பின்னோக்கித் தள்ளுகின்றது. சுழலியோடு காரும் தள்ளப்படுகின்றது. அந்தத் தள்ளுகையை வென்று முன்போல் 25 மீற்றர் வேகத்திற் செல்ல, கார் புதிதாகச் செலவிட வேண்டிய வலு 8,330 வாற்று. காரின் முழு உடலும் எதிர்கொண்ட தடை ஐந்து கிலோவாற்று. கூரைமேல் ஏறிய இந்த ஒற்றைச் சுழலியின் தடை அதனினும் மிகுதி.

எட்டாயிரத்து முந்நூற்று முப்பது கொடுத்து ஐயாயிரத்து ஐந்நூற்றைம்பது பெற்றால், எஞ்சிய ஏறத்தாழ 2,800 வாற்று எங்கே போயிற்று? கார் கடந்து சென்றபின் வீதியோரத்திற் சருகும் தூசியும் அதைத் தொடர்ந்து ஓடுவதைப் பார்த்தால் விடை கிடைக்கும். அசையாது நின்ற காற்றைச் சுழலி தன்னோடு சிறிது தூரம் இழுத்துச் செல்கின்றது. அந்தக் காற்றின் அசைவில் எஞ்சிய வலு கரைந்துபோயிற்று. சுழலியைச் சிறிதாக்கினாலும், மெல்லச் சுழலச் செய்தாலும், அவ்விழப்பைக் குறைக்கலாம். பெறுவது கொடுப்பதை நெருங்கிவரும். ஆயினும் அதனைத் தாண்டாது. இது குறையேதுமற்ற சுழலியின் கதை. உண்மையான பொறிகளிலோ, மின்கலவடுக்கிலிருந்து சில்லை அடையுமுன் ஒரு பங்கு, பிறப்பாக்கியில் ஒரு பங்கு, மீண்டும் மின்னேற்றும்போது ஒரு பங்கு என வழிநெடுகச் சிந்துகின்றது. அவற்றையும் சேர்த்துப் பார்த்தால், பத்து ரூபாவைக் கொடுத்து நாலரை ரூபாவை வாங்கிக்கொண்டு இலாபம் என்று மகிழ்வதற்கு ஒப்பாகும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழுவதுண்டு. காரின் முகப்பு எப்படியும் காற்றில் மோதத்தானே செய்கின்றது. மோதி வீணாகும் காற்றை ஒரு குழாய் வழியே உள்ளே செலுத்திச் சுழலியைச் சுழற்றினால் புதிய தடை எங்கிருந்து வரும் என்பர். கூரிய மறுப்புத்தான். ஆனால் நல்ல காரின் முகப்பில் மோதும் காற்று அங்கே நின்றுவிடுவதில்லை. உடலைத் தழுவி வளைந்து பின்புறத்தே மீண்டும் கூடுகின்றது. குழாயினுட் புகுந்து சுழலியில் மோதிய காற்றோ வேகமிழந்து, குழம்பி வெளியேறுகின்றது. மின்கார் செய்வோர் முகப்பிலுள்ள துளைகளை இயன்றவரை மூடிவிடுவதும், குளிர்ச்சி வேண்டும்போது மட்டும் திறக்கும் கதவுகளை அமைப்பதும் இதனாலேயே. காற்றை உள்ளே விடுவதற்கே விலையுண்டு என்பதை அவர்கள் காசுக் கணக்கில் அறிந்திருக்கின்றனர்.

வேகத்தைக் குறைக்கும் வேளையில், அல்லது சரிவில் இறங்கும் வேளையில் மட்டும் சுழலியை விரித்தால் என்ன என்பார் கூற்றிற் பிழையில்லை. அவ்வேளையில் தடை வேண்டப்படுகின்றது. ஆனால் அந்தப் பணியைக் காரின் மோட்டாரே செய்துவிடுகின்றது. நுவரெலியாவிலிருந்து இறங்கும் மின்காரில், சில்லுகள் மோட்டாரைச் சுற்றுகின்றன. மோட்டார் பிறப்பாக்கியாக மாறி மின்கலவடுக்கை ஏற்றுகின்றது. ஏறும்போது கொடுத்ததில் ஒரு பகுதி இறங்கும்போது திரும்பி வருகின்றது. இதற்கெனக் கூரைமேல் வேறொரு பாரத்தைச் சுமக்க வேண்டுவதில்லை.

ஓடும் ஊர்தியிற் காற்றுச் சுழலியைப் பொருத்துவது எங்கும் பயனற்றது என்று கொள்ளுதலும் தவறாகும். பெரிய ஆகாய விமானங்கள் பலவற்றில், வயிற்றுப் புறத்தே மடித்து வைத்த ஒரு சிறு சுழலி உண்டு. 1983 ஆம் ஆண்டு யூலை 23 ஆம் நாள், கனடாவின் வானிற் பறந்த போயிங் 767 விமானம் ஒன்று எரிபொருள் முற்றும் தீர்ந்து, இரு எஞ்சின்களும் அணைந்த நிலையை அடைந்தது. எரிபொருளை நிரப்பியபோது இறாத்தலையும் கிலோகிராமையும் மயங்கிக் கணக்கிட்டமையே காரணம். அவ்வேளையில் அச்சுழலி வெளியே விழுந்து காற்றிற் சுழன்று, விமானத்தைத் திசைதிருப்புவதற்கு வேண்டிய வலுவை அளித்தது. விமானி அதனைக் கிம்லி என்னும் இடத்திலிருந்த பழைய விமானத்தளத்தில் இறக்கினார். அதிலிருந்த அறுபத்தொன்பது பேரும் உயிர் தப்பினர். அந்த வலுவுக்கு விலை கொடுத்தது விமானத்தின் உயரம். உயரம் கரைந்து, வேகமும் குறைந்தபோது, சுழலி அளித்த வலுவும் குன்றியது. உயிர் காக்கும் நேரத்தில் அந்த விலை மலிவானது, நாள்தோறும் கொடுக்கத்தக்கதன்று.

ஏமாற்றத்தின் வரலாறும் நெடியது. தானே ஓடும் பொறிக்கான திட்டங்களை இனி ஆராய்வதில்லை என்று பரிசு நகரத்து விஞ்ஞானக் கழகம் 1775 ஆம் ஆண்டிலேயே தீர்மானித்தது. அத்தீர்மானத்துக்குக் கழகத்தார் காட்டிய காரணங்களுள் ஒன்று மனத்தைத் தொடுவது: இம்முயற்சி பல குடும்பங்களைப் பாழாக்கிற்று, நாட்டுக்குத் தொண்டாற்றியிருக்கக்கூடிய கைவினைஞர் தம் பொருளையும் காலத்தையும் அறிவையும் அதிலே தொலைத்தனர் என்றனர். மேயரும் யூலும் 1840களிற் சக்தியின் கணக்கைத் தெளிவாக எழுதுவதற்கு முன்னரே, பட்டறிவினால் அவர்கள் கண்ட உண்மை இது. தம் கூரைமேற் காற்றாடி பொருத்திக் காணியையும் நகையையும் அடைவு வைக்கும் ஓர் இளைஞனுக்கு ஊரார் மாலையிடுகின்றனர். எத்தனை வாற்றுக் கொடுத்து எத்தனை வாற்றுப் பெற்றாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. மாலையிடுவதினும் அந்தக் கேள்வியைக் கேட்பதே அவனுக்குச் செய்யும் நன்மை. வகுப்பிலே இவ்வெண்ணத்தைச் சொல்லும் மாணவனை அதட்டி இருத்துவதால் ஒன்றும் ஆகாது. சைக்கிள் ஒன்றும் டைனமோ ஒன்றும் பாடசாலையிற் கிடைக்கும். மிதியைச் சுற்றச் செய்தால் அவன் கையே அவனுக்கு விடை கூறும்.

இனி, உண்மையாகவே காற்று வீசும் நாளைக் கருதலாம். அப்போது கணக்கு மாறுகின்றது. நிலம் அசையாதிருக்கின்றது, காற்று அசைகின்றது, அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிற் கவரத்தக்க சக்தி உண்டு. கலிபோர்னியாவிலே ‘பிளாக்பேர்ட்’ என்னும் வண்டியைச் செய்தோர், அதைச் செலுத்த எஞ்சினோ மின்கலவடுக்கோ இன்றி, காற்று வீசிய திசையிலேயே காற்றினும் விரைவாக 2010 ஆம் ஆண்டில் ஓட்டிக் காட்டினர். அதன் கதி காற்றின் கதியைப் போல் 2.8 மடங்கு. 2012 இல் நேரெதிர்க் காற்றிலும் காற்றின் கதியைப் போல் இரு மடங்கு கதியில் அதனை ஓட்டினர். இது நடவாது என்று 2021 இல் பௌதிகப் பேராசிரியர் ஒருவர் பத்தாயிரம் டொலர் பந்தயம் கட்டித் தோற்றார் என்பது சுவையான செய்தி. நடவாததை நடக்கும் என்பாரைப் போலவே, நடப்பதை நடவாது என்பாரும் கணக்கைப் பாராமல் வழுக்குகின்றனர். ஆனால் காற்றடங்கிய நாளில் ‘பிளாக்பேர்ட்’ நின்ற இடத்தை விட்டு அசையாது.

அவ்வாறாயின் காற்று வீசும் நாளில் மின்காரின் சுழலி பயன்தராதோ? கார் மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும்போது எதிரே 20 கிலோமீற்றர் வேகக் காற்று வீசினாலும், அந்த இருபதினால் வரும் ஆதாயத்தைத் தொண்ணூறினால் வரும் இழப்பு விழுங்கிவிடுகின்றது. வண்டி மெதுவாகச் செல்லச் செல்ல இழப்புக் குறைகின்றது. வண்டி நின்றுவிட்டால் இழப்பே இல்லை. சுழலி பெறுவதெல்லாம் ஆதாயம். மன்னார்த் தீவின் தென்கரையில், 2020 இல் திறந்து வைக்கப்பட்ட ‘தம்பபவனி’ நிலையத்தின் முப்பது காற்றாலைகளும் நின்ற இடத்திலேயே நின்று, சோளகம் வீசும் மாதங்களில் நூறு மெகாவாற்றுக்கு மேற்பட்ட வலுவைத் தரக்கூடியனவாயிருக்கின்றன. அங்கே பிறந்த மின்சாரத்தைக் கம்பி வழியே பெற்று ஓடும் கார், காற்றால் ஓடும் கார் என்னும் பெயருக்குத் தகுதியுடையது.

2011 ஆம் ஆண்டில் ஜெர்மானியர் இருவர், இருநூறு கிலோகிராம் எடையுள்ள சிறியதொரு மின்வண்டியில் அவுஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியிலுள்ள அல்பனியிலிருந்து சிட்னி வரை ஏறத்தாழ ஐயாயிரம் கிலோமீற்றர் பயணம் செய்தனர். வண்டியோடு ஒரு காற்றாலையையும் எடுத்துச் சென்றனர். காற்று வாய்த்த இடங்களில் பெரிய பட்டமொன்றைப் பறக்கவிட்டு அதன் இழுவையிலும் வண்டியைச் செலுத்தினர். மாலையில் வண்டியை நிறுத்தியதும் மூங்கிற் கம்பமொன்றை நாட்டி, அதன் உச்சியிற் காற்றாலையை ஏற்றி, மின்கலவடுக்கோடு இணைத்துவிட்டு உறங்கச் செல்வர். காலையில் அதனைக் கழற்றி, கம்பத்தையும் சாய்த்துக் கட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்ட பின்னரே பயணத்தைத் தொடர்ந்தனர்.