குடிலுக்கு இரண்டு சாக்குப் பாசி



திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. பங்குகளில் இளையோர் குடில் வேலையை ஆரம்பித்திருப்பீர்கள். அதனால் இன்று என் குற்றம் ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

குருமட மாணவனாக மலைப்பங்கு ஒன்றில் இருந்தபோது, குடிலுக்காக நாலைந்து பேர் சோலைக்காட்டுக்குள் போனோம். மரங்களில் மெத்தைபோல் படர்ந்திருந்த பாசியை உரித்து இரண்டு சாக்கில் கட்டிக்கொண்டு வந்தோம். குடில் அழகாகத்தான் இருந்தது. மூவரசர் திருநாளுக்குள் பாசி காய்ந்து பழுப்பாகிவிட, பெருக்கிக் குப்பையில் போட்டோம்.

பாசி என்றதும் படித்துறையில் வழுக்குவதை நினைக்காதீர்கள். நான் சொல்வது மரத்திலும் பாறையிலும் குட்டிக் குட்டிச் செடிகளாக நெருங்கி வளர்வது. அதற்கு வேர் கிடையாது. பிடித்துக்கொள்ள மெல்லிய இழைகள் மட்டுமே. மரத்தை உறிஞ்சிப் பிழைப்பதில்லை. இலை பெரும்பாலும் ஒரே செல் கனம்தான். மழையையும் மூடுபனியையும் உடம்பு முழுவதாலும் குடிக்கும். வெயிலில் பலவகைப் பாசிகள் சுருண்டு, செத்ததுபோல் கிடக்கும். தண்ணீர் பட்டால் மறுபடி விரிந்து பச்சையாகும். நாங்கள் குப்பையில் போட்டதில்கூட உயிர் இருந்திருக்கலாம்.

அதன் உறவு, ஈரல்பாசி. ஈரலைப்போலத் தட்டையாக இருப்பதால் அந்தப் பெயர். ஓடைக்கரை ஈரப்பாறைகளில் பார்க்கலாம். மார்கான்ஷியா என்ற வகையின்மேல் சின்னஞ்சிறு கிண்ணங்கள் இருக்கும். மழைத்துளி விழுந்தால் உள்ளிருக்கும் பச்சைப் பொட்டுகள் தெறித்து, விழுந்த இடத்தில் புதுச் செடியாகும். பிள்ளைகளுக்கு லென்ஸ் கொடுத்துக் காட்டுங்கள், விடமாட்டார்கள்.

பழனி மலைப் பாசிகளைத் தேடிச் சேகரித்தவர் ஒரு குருவானவர்: கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபை அருள்பணியாளர் ஜார்ஜ் ஃபோரோ. அவர் எழுதிய பழனி மலைப் பாசிகளின் தொகுப்பு 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளிவந்தது. ஒரு பாசிப் பேரினத்துக்கே ஃபோரோயெல்லா என்று அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பூ இல்லை, காய் இல்லை. அதற்காக ஒரு குரு மலை ஏறி இறங்கியிருக்கிறார். நாங்கள் சாக்கோடு போனோம்.

சோலையில் மூடுபனி இறங்கும்போது பாசி பஞ்சுபோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். அந்த மெத்தையில்தான் ஆர்க்கிடும் பெரணியும் வேர்விடும், பூச்சிகள் ஒதுங்கும். சரிவுகளில் மண் அரித்துப் போகாமல் பிடித்துவைப்பதும் அதுவே. வைகைக்கு வரும் ஓடைகளில் பல பழனி மலையில்தான் பிறக்கின்றன. கீழே குடம் வைத்துக் காத்திருப்பவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

இரண்டு வருடம் கழித்து அதே சோலைக்குப் போனேன். நாங்கள் உரித்த இடத்தில் மரப்பட்டை வெறுமையாகவே தெரிந்தது.

குடிலுக்குப் பச்சை வேண்டுமா? கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் முன்னதாக, தட்டில் ஈரமண் பரப்பிக் கேழ்வரகோ கோதுமையோ தூவுங்கள். ஆடுகள் நிற்குமிடத்துக்கு வைக்கோல் போதும். கடையில் பாசி விற்றால், எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.