முழங்காலும் குறட்டையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் என்னைக் கல்லூரி நினைவுகள் பற்றிப் பேசச் சொன்னார். எனக்கு முன்னால் பேசிய மூவரும் அதை ஒரு துளி மிச்சம் வைக்காமல் பேசி முடித்துவிட்டார்கள். ஆகவே நான் நம் முழங்கால்களைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்காதீர்கள். காலையில் இந்த மண்டபப் படிகளில் நம் செட்டு ஏறிவந்த அழகை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இன்று நம் ஊருக்குப் புதிதல்ல. பிரதமராக இருந்த வாஜ்பாய் அவர்களுக்கு 2000 அக்டோபரில் ஒரு காலிலும் 2001 ஜூனில் மறு காலிலும் மும்பையில் செய்தார்கள். அப்போதுதான் நம்மில் பலருக்கு இப்படி ஒரு வைத்தியம் இருப்பதே தெரிந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்சவிலை நிர்ணயித்தது. ஒன்றரை லட்சம் என்று விற்றுக்கொண்டிருந்த சாதாரண வகை மூட்டு, வரி நீங்கலாக ஐம்பத்தைந்தாயிரத்துக்குள் வந்தது. இப்போது தெருவுக்கு ஒருவர் செய்துகொண்டிருக்கிறார். ஆபரேஷன் முடிந்த மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்துவிடுகிறார்கள். நானும் செய்துகொண்டேன், வலது கால்.

ஆனால் நான் பேச வந்தது எலும்பு டாக்டரைப் பற்றி அல்ல, மயக்க மருந்து டாக்டரைப் பற்றி. அவரை ஆபரேஷனுக்கு முந்தின நாள் பத்து நிமிஷம் பார்க்கிறோம். பெயர்கூட ஞாபகம் இருப்பதில்லை. அந்தப் பத்து நிமிஷத்தில்தான் பெரிய விஷயம் இருக்கிறது.

எனக்கு வந்தவர் ஒரு டாக்டர் அம்மா. சர்க்கரை, பிரஷர், பழைய ஆபரேஷன் எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு இஞ்சு டேப்பை எடுத்து என் கழுத்தை அளந்தார். ‘சட்டை தைக்கவா டாக்டர்?’ என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரம்மாவைப் பார்த்து, ‘அம்மா, சார் குறட்டை விடுவாரா?’ என்று கேட்டார்.

‘அதை ஏங்கம்மா கேக்கறீங்க! பக்கத்து வீட்டு வரைக்கும் கேக்கும்.’

‘நடுவுல மூச்சு நின்னு, அப்புறம் திணறிக்கிட்டு எழுந்திருப்பாரா?’

‘ஆமாங்கம்மா. கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. எனக்கு பயமா இருக்கும். அப்புறம் ஒரு பெரிய சத்தத்தோட மறுபடி ஆரம்பிப்பாரு.’

இந்த வாக்குமூலத்தால் என் ஆபரேஷன் ஐந்து வாரம் தள்ளிப்போனது. எனக்கு அப்போது எரிச்சல்தான். லீவு போட்டு வந்த பையன் திரும்பிப் போய்விட்டான். பிறகுதான் டாக்டர் அம்மா உட்காரவைத்து விளக்கினார்.

தூங்கும்போது தொண்டைச் சதைகள் தளர்கின்றன. சிலருக்கு அது மூச்சுப் பாதையையே அடைத்துவிடுகிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி, நம்மை அரைகுறையாக எழுப்பி மூச்சு விடவைக்கிறது. நமக்கு எழுந்ததே தெரியாது. இதற்குத்தான் ஸ்லீப் ஆப்னியா, தூக்கத்தில் மூச்சுத் தடை என்று பெயர். மணிக்கு ஐந்து முறைக்குக் கீழே என்றால் கவலையில்லை. முப்பதைத் தாண்டினால் கடுமையானது. உடம்பு முழுக்க ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி என்னைத் தூங்கவைத்துப் பார்த்ததில், மணிக்கு முப்பத்து நான்கு முறை! பாட்டுக்காரர் பப்பி லஹரி 2022 பிப்ரவரியில் இறந்தபோது, இந்த நோய்தான் காரணம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

சரி, குறட்டைக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்? மூளை பதறி எழுப்புகிறது என்று சொன்னேன் அல்லவா, அதுதான் நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் காவல்காரன். மயக்க மருந்தும், ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்காகப் போடும் மார்ஃபின் போன்ற மருந்துகளும் தொண்டைச் சதையை இன்னும் தளர்த்துகின்றன. அந்தக் காவல்காரனையும் தூங்கவைத்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, காலில் கட்டோடு மல்லாந்து படுக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் மூச்சுத் தடை அதிகம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் இந்த நோய் உள்ள 101 பேரையும், இல்லாத 101 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்து 2001-இல் வெளியிட்டார்கள். நோய் இல்லாதவர்களில் 18 சதவீதம் பேருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஏதாவது சிக்கல். இருப்பவர்களில் 39 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல். இது தெரிந்த பிறகு எனக்கு ஐந்து வாரம் பெரிதாகத் தோன்றவில்லை.

அந்த ஐந்து வாரமும் சி-பேப் என்கிற மிஷினோடு படுத்தேன். மூக்கில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டால் லேசான அழுத்தத்தில் காற்றை ஊதி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். 1981-இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்கிற டாக்டர் கண்டுபிடித்தது. முதல் ஒரு வாரம் எனக்கும் அதற்கும் சண்டை. பேரன் என்னை ‘யானைத் தாத்தா’ என்றே கூப்பிட்டான். பத்தாம் நாள் காலையில் எழுந்தபோது தலை பாரமாக இல்லை. பத்திரிகை படிக்கையில் கண் சொருகவில்லை. வயசானால் அப்படித்தான் என்று எத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்!

முழங்கால் வலியும் இதுவும் ஒன்றுக்கொன்று தீனி போடுகிறவை. வலியால் நடப்பதில்லை, நடக்காததால் எடை ஏறுகிறது, எடை ஏறினால் கழுத்தில் சதை போட்டு மூச்சுத் தடை கூடுகிறது, தூக்கம் கெட்டால் அதே வலி இன்னும் அதிகமாகத் தெரிகிறது.

ஆபரேஷனன்று முழு மயக்கம் கொடுக்கவில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். தொடை நரம்பருகே இன்னொரு ஊசி, பிறகு வரும் வலிக்கு. அதனால் மார்ஃபின் வகை மருந்து மிகக் குறைவாகவே தேவைப்பட்டது. பாராசிட்டமாலிலேயே பெரும்பாலும் ஓட்டிவிட்டார்கள். தலைமாட்டை உயர்த்தி வைத்தார்கள், விரலில் ஆக்சிஜன் கிளிப். என் சொந்த மிஷினை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி, பகலில் கண்ணயர்ந்தாலும் மாட்டவேண்டும் என்றார்கள்.

இங்கே நம் மாவட்டத்துக்காரர்கள் கொஞ்சம் காதைக் கொடுக்க வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் தண்ணீர் வந்தது. அதற்கு முன் நாம் குடித்து வளர்ந்தது கிணற்றுத் தண்ணீரும் போர்த் தண்ணீரும்தான். அதிலிருந்த ஃபுளோரைடை நம் பல்லின் பழுப்பே சொல்லும். பல்லோடு நின்றால் பரவாயில்லை. அது எலும்பில் சேர்கிறது. நாள்பட்டவர்களுக்கு முதுகெலும்பை இணைக்கும் தசைநார்கள் சுண்ணாம்பாகக் கெட்டிப்படுகின்றன. அப்படிப்பட்ட முதுகில் ஊசி இறங்குவது கஷ்டம். ஊசி முடியாவிட்டால் முழு மயக்கத்துக்குப் போகவேண்டும். கழுத்தும் விறைத்திருந்தால் தொண்டையில் குழாய் செலுத்துவதும் சிரமம். குறட்டைக்காரருக்கு இது இரட்டைச் சோதனை. வெளியூரில் ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள், ‘நான் தருமபுரிப் பக்கம், சின்ன வயசில் இந்தத் தண்ணீர் குடித்தவன், முதுகு வளையாது’ என்று அங்குள்ள டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் முன்கூட்டியே படம் எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று. முதல் இரவு தப்பித்தால் போதும் என்று நினைக்கிறோம். டாக்டர் அம்மா என்னை மூன்றாம் இரவில்தான் அதிகம் எச்சரித்தார். ஆபரேஷன் முடிந்த முதல் இரவில் ஆழ்ந்த தூக்கமே வராது. பாக்கியிருந்த கனவுத் தூக்கமெல்லாம் இரண்டு மூன்று நாள் கழித்துச் சேர்ந்து வரும்போது மூச்சுத் தடை உச்சத்துக்குப் போகுமாம். பலர் அன்றைக்கு வீட்டுக்கே வந்துவிட்டிருப்பார்கள். பக்கத்தில் கிளிப்பும் இல்லை, நர்சும் இல்லை. வலி தாங்கவில்லை என்று யாரோ கொடுத்த தூக்க மாத்திரையை அந்த இரவில் போட்டுக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

டாக்டர் அம்மா கேட்டது எட்டே கேள்விதான். கனடாவில் டொராண்டோ டாக்டர்கள் 2008-இல் வகுத்த பட்டியலாம். சத்தமான குறட்டை உண்டா, பகலில் அசதியா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, பிரஷர் உண்டா என்று நான்கு. மிகுந்த பருமன், வயது ஐம்பதுக்கு மேல், கழுத்துச் சுற்றளவு நாற்பது சென்டிமீட்டருக்கு மேல், ஆண் என்று இன்னும் நான்கு. மூன்றுக்கு ‘ஆம்’ வந்தால் சந்தேகம், ஐந்து வந்தால் பலத்த சந்தேகம். நம் செட்டு ஆண்கள் எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு மார்க் வாங்கிவிட்டோம்! பெண்கள் விடுபட்டதாக நினைக்க வேண்டாம். மாதவிலக்கு நின்ற பிறகு அவர்களுக்கும் இது கூடுகிறது, வெளியே சொல்லத்தான் கூச்சப்படுகிறார்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களில் லாரி ஓட்டும் அப்பாக்களின் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பீர்கள். ராத்திரி குறட்டை, பகலில் ஸ்டீயரிங் மேல் தூக்கம் என்றால் தொப்பூர் கணவாயில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு இன்று முழங்கால் வலி இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் இந்த எட்டுக் கேள்வியைக் கேட்டுப்பாருங்கள். நான்காவது கேள்விவரைக்கும் உங்கள் அம்மாவே பதில் சொல்லிவிடுவார்.

செயலாளர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். மிஷின் எங்கே வாங்கினேன், என்ன செலவாயிற்று என்று கேட்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்காருங்கள். இஞ்சு டேப் ஒன்றும் பையில் வைத்திருக்கிறேன்.