மின்சார வண்டியும் கரடுமுரடான வழியும்

சென்ற மாதம் ஒரு கல்லூரி விழாவில் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர் அருகில் வந்து, "ஐயா, மின்சார வண்டி தார்ச் சாலையில் ஓடுவது சரி. பாறையும் மணலும் சேறுமாக, சாலையே இல்லாத இடத்தில் அதை நம்பிப் போகலாமா?" என்று கேட்டார். "போக இயலாது" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். வீடு திரும்பி எண்ணிப் பார்த்தபோது, நான் கூறிய விடையில் பாதிதான் சரி என்று தெரிந்தது. அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளவே இன்று பேசுகிறேன்.

சாலையே இல்லாத இடம் என்றால் சந்திரனைவிட வேறு இடம் வேண்டுமா? 1971ஆம் ஆண்டு அப்பல்லோ 15 பயணத்தில் சென்றவர்கள் அங்கே வண்டி ஓட்டினார்கள். அது மின்சார வண்டிதான். பூமியில் அதன் எடை 210 கிலோ. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி மோட்டார். ஒவ்வொன்றின் ஆற்றலும் கால் குதிரைத் திறன். 1972இல் அப்பல்லோ 17 வீரர்கள் அத்தகைய வண்டியில் மூன்று உலாக்களில் 35 கிலோமீட்டருக்கு மேல் சென்றனர். பெட்ரோல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். சந்திரனில் காற்று இல்லை. மின்சார மோட்டாருக்கோ காற்றே தேவையில்லை.

அந்த வீரர்களுக்கு ஒரு விதி இருந்தது. வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், முதுகிலுள்ள பிராணவாயு தீருமுன் நடந்தே கலத்துக்குத் திரும்ப வேண்டும். ஆதலால் நடந்து திரும்ப முடியாத தொலைவுக்கு அவர்கள் வண்டியைச் செலுத்தவே கூடாது. இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பூமிக்கு வருவோம். பெட்ரோல் எஞ்சின் ஓரளவு வேகமாகச் சுழன்றால்தான் உயிரோடிருக்கும். வேகம் குறைந்தால் நின்றுவிடும். அதனால்தான் கிளட்சு, கியர், மலையேறுவதற்கென்று தனிக் கியர்த்தொகுதி எல்லாம் வேண்டியிருக்கின்றன. மின்சார மோட்டார் அப்படியன்று. நின்ற நிலையிலேயே தன் முழுத் திருகுவிசையையும் தரவல்லது. செங்குத்தான பாறையில் அங்குலம் அங்குலமாக ஏறுவதற்கு இதைவிட ஏற்ற குணம் வேறில்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மோட்டார் இருந்தால், வழுக்கும் சக்கரத்தின் விசையைக் குறைத்துப் பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூட்டலாம். அதுவும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள். இறக்கத்தில் மோட்டாரே டைனமோவாக மாறி வண்டியின் வேகத்தை அடக்கும். பாட்டரிக்கும் சிறிது மின்சாரத்தைத் திருப்பித் தரும்.

தண்ணீரிலும் மின்சார வண்டி பின்வாங்குவதில்லை. 2024இல் மெர்சிடிஸ் நிறுவனம் தன் புகழ்பெற்ற ஜி வகை வண்டியை நான்கு மோட்டார்களுடன் மின்சார வண்டியாக வெளியிட்டது. அது 850 மில்லிமீட்டர் ஆழமான நீரில் இறங்கிச் செல்லும். அதே வகையின் எஞ்சின் வண்டிக்கு 700 மில்லிமீட்டர்தான் எல்லை. இதைக் கேட்டபின், போக இயலாது என்று நான் சொன்னது தவறு என்பதில் ஐயமுண்டா?

ஆனால் அந்த வண்டியின் எடை 3 டன்னுக்கும் அதிகம். காரணம் பாட்டரி. கணக்குப் பார்ப்போம். தகர டப்பா ஒன்றில் 20 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். பெட்ரோலின் எடை 15 கிலோ. அதில் ஏறக்குறைய 180 யூனிட் வெப்ப ஆற்றல் அடங்கியிருக்கிறது. எஞ்சின் அதில் முக்கால் பங்கை வீணாக்கினாலும் 45 யூனிட் சக்கரத்தைச் சேரும். அவ்வளவு ஆற்றலைப் பாட்டரியில் கொண்டுபோக வேண்டுமானால், பாட்டரி ஏறத்தாழ 300 கிலோ கனக்கும். சந்திரனில் எடை ஆறில் ஒரு பங்காகக் குறையும். மணற்காட்டில் அந்தச் சலுகை இல்லை. கட்டிக் கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு என்பார்கள். இங்கே கட்டுச்சோறே பயணியை அழுத்துகிறது.

ஆகவே வழியின் கடுமையை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, நிலத்தின் கடுமை. மற்றொன்று, தொலைவின் கடுமை.

அமெரிக்காவின் சியரா நெவாடா மலையில் ரூபிக்கான் என்றொரு பாறைவழி உண்டு. அதன் நீளம் சுமார் 35 கிலோமீட்டர். அதைக் கடக்க இரண்டு நாள் எடுத்துக்கொள்வோர் பலர். நிலம் மிகக் கடுமையானது, தொலைவோ சிறிது. நிற்கும்போது மின்சார மோட்டார் ஆற்றலைச் செலவிடுவதும் இல்லை. இத்தகைய வழிக்கு மின்சார வண்டி நன்றாகவே பொருந்தும்.

ஆஸ்திரேலியாவின் சிம்சன் பாலைவனம் வேறு வகை. வரிசை வரிசையாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணற்குன்றுகள். மேற்கே மவுண்ட் டேரிலிருந்து கிழக்கே பேர்ட்ஸ்வில் வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு எரிபொருள் கிடையாது, மின்சாரமும் கிடையாது. கோடையின் வெப்பத்தை அஞ்சி, டிசம்பர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை அந்தப் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். நான் முன்பு சொன்ன மெர்சிடிஸ் வண்டியின் பாட்டரி 116 யூனிட் கொள்ளும். கனத்த வண்டி மணலில் யூனிட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் போவதாக வைத்துக்கொண்டாலும், 232 கிலோமீட்டரில் பாட்டரி தீர்ந்துவிடும். அது பாதி வழிகூட அன்று. பெட்ரோல் தீர்ந்தவனுக்குப் பின்னால் வருபவன் ஒரு டப்பா ஊற்றி உதவலாம். பாட்டரி தீர்ந்தவனுக்கு அவ்வளவு விரைவாக உதவ இயலாது. கூரையில் சூரியத் தகடு விரித்தாலும் நாளொன்றுக்கு ஐந்தாறு யூனிட்தான் சேரும். குடிநீர் அதுவரை காத்திருக்குமா?

இதற்கும் ஒரு வழி கண்டவர்கள் உண்டு. 2024 ஜனவரியில் சவுதி அரேபியப் பாலையில் நடந்த டக்கார் பந்தயத்தில் கார்லோஸ் சைன்ஸ் ஓட்டி வென்ற ஆடி வண்டியின் சக்கரங்களைச் சுழற்றியது மின்சார மோட்டார். ஆனால் அந்த மோட்டாருக்கு வழிநெடுக மின்சாரம் ஆக்கித் தர வண்டிக்குள்ளேயே ஓர் எஞ்சினும் இருந்தது. மோட்டாரின் உயர்வையும் பாட்டரியின் குறையையும் அந்த வெற்றி ஒருசேரக் காட்டுகிறது.

அந்த மாணவருக்கு நான் இன்று கூறும் விடை இதுதான். ஏற முடியுமா என்று கேட்டால், முடியும். பல இடங்களில் எஞ்சின் வண்டியைவிட நன்றாகவே ஏறும். திரும்ப முடியுமா என்று கேட்டால், மின்சாரம் கிடைக்கும் இடம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள் என்பேன். பாட்டரியின் எடை குறையக் குறைய அந்தத் தொலைவு வளரும். அதைக் குறைக்கும் வேலை உங்களைப் போன்ற இளைஞர்களுக்காகக் காத்திருக்கிறது. அதுவரை, சந்திரனில் வண்டி ஓட்டியவர்களின் விதியே நமக்கும் விதி: திரும்பி வரும் வழியை அளந்துவிட்டுப் புறப்படுங்கள்.