நாயோடு ஊருக்குப் போனோம்



கொழும்பிலே தொழில் பார்க்கும் யாழ்ப்பாணத்தவன் புது நாட்காட்டி ஒன்றைக் கையில் எடுத்தால், முதலில் தேடுவது விடுமுறை நாட்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் இடத்தைத்தான். 2025ஆம் ஆண்டு பிறந்தபோது அத்தகைய பேறு ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. ஜனவரி 11 சனி, 12 ஞாயிறு, 13 திங்கட்கிழமை துருத்துப் பூரணை, 14 செவ்வாய்க்கிழமை தைப்பொங்கல். கேளாமலே கிடைத்த நான்கு நாட்கள்! ஊருக்குப் போவதென்று நானும் மனைவியும் பிள்ளைகள் இருவரும் ஒரே மனதாகத் தீர்மானித்தோம். தீர்மானம் நிறைவேறிய பின்னர்தான், வாசலிலே படுத்திருந்த ஒருவர் தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தார். அவரை என்ன செய்வது?

அவருடைய பெயர் முத்து. வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையிலே, மழை நாளொன்றில், கானோரத்தில் நனைந்து கிடந்த குட்டியை என் மகள் தன் பாடசாலைச் சட்டையிலே சுற்றித் தூக்கி வந்தாள். குலம் கோத்திரம் தெரியாத தெருநாய். ஆயினும் இப்பொழுது எங்கள் வீட்டில் நேரத்துக்கு உணவு பெறுபவர் அவர் ஒருவரே.

நாய் வளர்ப்போர் யாவரும் விடுமுறை தோறும் எதிர்நோக்கும் வழக்கு இது. அயல் வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். அவர்கள் சோறு வைப்பார்கள், ஆனால் பூட்டிய வீட்டின் முன்னே அது இரவெல்லாம் ஊளையிடுவதை அவர்கள் ஏன் கேட்கவேண்டும்? கூலி வாங்கிக்கொண்டு நாயைப் பராமரிக்கும் இடங்கள் தலைநகரில் உண்டு. பண்டிகைக் காலத்தில் அவை முன்னதாகவே நிறைந்துவிடுகின்றன. எஞ்சியது, உடன் கொண்டு செல்வது.

அதற்கும் ஒரு தடை இருந்தது. கோண்டாவிலில் உள்ள எங்கள் வீட்டில் இருபத்தொன்பது ஆண்டுகளாக நாய் கிடையாது. அம்மா அதற்கு இடங்கொடுத்ததில்லை. தயங்கித் தயங்கித் தொலைபேசியிலே விஷயத்தைச் சொன்னேன். சற்று நேரம் மறுமுனையிலே பேச்சில்லை. பின்னர், “கொண்டு வா தம்பி. ஆனால் உது விறாந்தையிலை ஏறப்படாது” என்றார். அனுமதியும் நிபந்தனையும் ஒருசேர வந்தன.

புறப்படுவதற்கு இரண்டு கிழமைகளின் முன்பே முத்துவை மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றோம். விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுவிக்க வேண்டும். அதனை அரசாங்கமே இலவசமாகவும் வழங்குகிறது. ஊரிலே கட்டில்லாமல் திரியும் நாய்களுக்கு நடுவே கொண்டு செல்லும் நாய்க்கு இது இன்றியமையாதது. வைத்தியர் மேலும் இரண்டு செய்திகள் சொன்னார். ஒன்று, பயணத்துக்குச் சற்று முன்னர் வயிறு நிறைய உணவு கொடுக்கலாகாது என்பது. மற்றையது என் பிள்ளைகளைத் திடுக்கிட வைத்தது. பொங்கலிலே போடுகிறோமே முந்திரிகை வற்றல், அது நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக் கூடியதாம். மனிதர் விரும்பி உண்பது நாய்க்கு நஞ்சாகலாம் என்பதைப் பிள்ளைகள் அன்றுதான் அறிந்தார்கள்.

நண்பர் ஒருவரின் வாகனத்தை இரவல் பெற்று, சனிக்கிழமை விடியற்காலை புறப்பட்டோம். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியிலே எங்கள் பெற்றோர் உறங்கிக்கொண்டே சென்ற வழி அது. 1990இல் நின்றுபோன அந்தப் புகையிரதம் யாழ்ப்பாண நிலையத்தை மீண்டும் அடைந்தது 2014 ஒக்டோபரில்தான். நாங்களோ நாயின் பொருட்டு வீதி வழியே சென்றோம். புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா என்று இரண்டு மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, மர நிழலிலே தண்ணீர் காட்டி, சிறிது நடக்கவிட்டோம்.

தேநீர் குடிக்க இறங்கும்போது நாயை வாகனத்துள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிப் பூட்டிவிடுவோர் உளர். அது பெருந்தவறு. நமக்கு உடலெங்கும் வியர்க்கிறது. நாய்க்குப் பாதங்களில் மாத்திரமே சிறிது வியர்வை உண்டு. மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது உடற்சூட்டைத் தணிக்கவேண்டும். வெயிலில் நிற்கும் மூடிய வாகனத்தினுள்ளே பத்து நிமிடத்திலேயே ஏறத்தாழ 10 பாகை வெப்பம் கூடிவிடும். ஆதலால் எங்களில் ஒருவர் எப்பொழுதும் முத்துவுடன் வெளியே நின்றோம். தேநீர் முறைபோட்டுக் குடிக்கப்பட்டது.

ஆனையிறவைக் கடந்து உப்புக்காற்று வீசியபோது முத்து எழுந்து நின்று மூக்கை வெளியே நீட்டிற்று. ஊர்க்காற்றை எங்களுக்கு முன்னர் உணர்ந்தது அதுதான்.

படலையைத் திறந்ததும் அம்மா பேரப்பிள்ளைகளை அணைத்துக்கொண்டார். முத்து வாலை ஆட்டியவாறு அவர் காலடிக்குச் சென்றது. அவர் சேலையை ஒதுக்கிக்கொண்டு ஓரடி பின்வாங்கினார். மாமரத்தின் கீழே, பழைய மாட்டுக் கொட்டிலின் ஓரமாக, அதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. சாக்கு விரிக்கப்பட்டிருந்தது, சட்டியிலே தண்ணீரும் இருந்தது. யார் வைத்ததென்று கேட்டேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா குசினிக்குள் போய்விட்டார்.

இரண்டு நாட்கள் இவ்வாறு கழிந்தன. அயல் நாய்கள் வேலியருகே வந்து விசாரணை நடத்தின. முத்து கயிற்றின் எல்லைக்குள் நின்று மறுமொழி கொடுத்தது. என் மகளுக்கு மாத்திரம் மனம் பொறுக்கவில்லை. பூரணையன்று இரவு, முற்றத்து நிலவிலே இருந்துகொண்டு, அவள் தான் படித்த பாரதக் கதையை எடுத்தாள்.

“அப்பம்மா, நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கும் வரமாட்டேன் என்று தருமர் சொன்னாராம்.”

அம்மா உடனே விடை சொன்னார்: “தருமருக்குக் கையிலை குழந்தை இல்லைப் பிள்ளை.”

மகளுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கிற்று.

1995 ஒக்டோபர் 30. வலிகாமத்து மக்கள் யாவரும் உடனே வெளியேறவேண்டும் என்று ஒலிபெருக்கிகள் அறிவித்த நாள் அது. எனக்கு அப்பொழுது பதினொரு வயது; தங்கை கைக்குழந்தை. எங்களிடம் வீமன் என்றொரு நாய் இருந்தது. மழைக்குள்ளே, கையிலே அகப்பட்டவற்றுடன், நாவற்குழிப் பக்கமாக நகர்ந்த சனக் கடலிலே நாங்களும் கலந்தோம். மனிதரே ஒருவரையொருவர் தவறவிட்ட அந்த நெரிசலில் நாயை எவ்வாறு கொண்டு செல்வது? சந்தி வரையும் எங்களைத் தொடர்ந்து வந்த வீமன் பிறகு காணப்படவில்லை. 1996இல் நாங்கள் திரும்பி வந்தபோது வீடு நின்றது, வீமன் இல்லை. எனக்குத் தெரிந்த கதை இவ்வளவே.

தைப்பொங்கலன்று விடியுமுன்பே முற்றத்தில் கோலமிட்டுப் பானை வைத்தோம். பால் பொங்கி வழிந்த வேளையிலே எட்டுத் திசையிலும் சீனவெடிகள் முழங்கத் தொடங்கின. மனிதனுடைய செவிக்கு ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியே கேட்கும். நாயின் செவியோ அதனிலும் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட நுண்ணொலியையும் உணர வல்லது. நமக்கு மகிழ்ச்சியாகும் முழக்கம் அதற்கு எவ்வாறிருக்கும் என்று நாங்கள் முன்னரே எண்ணியிருக்க வேண்டும். எண்ணாதது எங்கள் குற்றம். படையல் முடிந்து திரும்பிப் பார்த்தபோது கொட்டிலோரத்தில் அறுந்த கயிறு மாத்திரம் கிடந்தது.

படலை திறந்திருந்தது. பிள்ளைகள் அழுதுகொண்டு ஒழுங்கைக்கு ஓடினார்கள். நான் வீட்டின் பின்புறம் தேடினேன். இறுதியாக உள்ளே சென்றபோது, அம்மாவின் அறையிலே, கட்டிலின் அருகே அவர் நிலத்தில் அமர்ந்திருந்தார். கட்டிலின் அடியிலே முத்து நடுங்கிக்கொண்டு கிடந்தது. விறாந்தை, மண்டபம், அறை ஆகிய எல்லா எல்லைகளையும் அது ஒரே ஓட்டத்திலே கடந்துவிட்டது. அம்மாவின் கை அதன் தலையின்மேல் இருந்தது.

“இழுக்காதை. நிற்கட்டும்” என்றார்.

சற்றுப் பொறுத்து, என்னைப் பாராமலே சொன்னார்: “வீமனுக்குச் சோறு வைச்சனான். ஒரு பானை நிறைய. வீட்டைப் பார்த்துக்கொள், இரண்டு நாளையிலை வந்திடுவம் எண்டு சொன்னனான். அது கேட்டுக்கொண்டு நிண்டது.”

அவ்வளவுதான் சொன்னார். இருபத்தொன்பது ஆண்டுகளாக நாங்கள் நாய்மேல் வெறுப்பு என்று கருதியது வேறொன்று என்பதை அன்றைக்கே அறிந்தேன். விட்டுச் சென்றது குற்றமன்று. வேறு வழி எவருக்கும் இருக்கவில்லை. அவரை உறுத்தியது, சொன்ன வாக்கு. மனிதரிடம் வாக்குத் தவறினால் பின்னர் காரணம் சொல்லி ஆற்றலாம். நாயிடம் எந்தக் காரணத்தைச் சொல்வது?

சிறிது நேரத்தில் பிள்ளைகளை அழைத்துப் பொங்கல் பரிமாறினார். எங்கள் வாழையிலைகளுக்கு அப்பால், விறாந்தையின் ஓரத்திலே, சிறு துண்டு இலையொன்று இருந்தது. அதிலே சர்க்கரையும் வற்றலும் சேர்க்குமுன் தனியாக எடுத்துவைத்த வெறுஞ்சோறு. வைத்தியர் சொன்னதை என் மகன் என்றைக்கோ பேச்சுவாக்கிலே சொல்லியிருக்கிறான். அம்மா அதனைக் கேட்டு வைத்திருக்கிறார்.

அன்று மாலையே திரும்பவேண்டியிருந்தது. மறுநாள் பட்டிப்பொங்கல். மாட்டுக்கு ஒரு நாள் வைத்த நாம் நாய்க்கு வைக்கவில்லை. நேபாளத்திலே திகார்ப் பண்டிகையில் ஒரு நாள் நாய்க்கு மாலையிட்டுப் பொட்டு வைத்து உணவளிக்கிறார்கள். அந்தச் சிறிய வாழையிலையைக் கண்டபின், நம்மிடத்தும் அவ்வழக்கத்துக்கு வேண்டிய மனம் இல்லாமற் போகவில்லை என்றே தோன்றிற்று.

நேயர்களே, நீண்ட விடுமுறை வரும்போது நாயுடன் ஊர் போக எண்ணுவீர்களாயின், தடுப்பூசியை நேரகாலத்துடன் போடுவியுங்கள். கழுத்துப்பட்டியிலே உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதுங்கள். வெடி கொளுத்தும் வேளையில் அதனை வீட்டினுள்ளே, சாளரம் அடைத்த அறையொன்றில், பழகிய ஒருவருடன் இருக்கவிடுங்கள். கொண்டு செல்ல இயலாவிடின், அது அறிந்த ஒருவரிடம் ஒப்படையுங்கள். திரும்பி வருவதாகச் சொன்ன நாளிலே திரும்பி வாருங்கள். அந்த வசதி நமக்கு இன்று இருக்கிறது. ஒரு காலத்தில் அது எல்லோருக்கும் இருக்கவில்லை.

இப்பொழுது ஞாயிறு தோறும் அம்மா தொலைபேசியில் பேசும்போது பேரப்பிள்ளைகளின் சுகத்தை விசாரித்த பின்னர், “முத்து சாப்பிட்டதோ?” என்று கேட்கிறார். ‘உது’ என்ற சொல் போய்விட்டது.